ஞாபகம் தேடி அலைந்த கதை

மனிதனுக்கு ஞாபகம் தவறினால் வீட்டார் சுற்றி நின்று, இன்னார் மகன், இன்ன ஊர் என்று எடுத்துச் சொல்லுவார்கள். யந்திரத்துக்கு ஞாபகம் தவறினாலோ, "இது முடிந்துபோயிற்று" என்று தூக்கி மூலையிற் போட்டுவிடுகிறார்கள். இக்காலத்து யந்திரங்களுட் பல உடல் கெட்டுச் சாவதில்லை. மின்சாரம் வருகிறது, விசிறி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் தான் யார், என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் அது மறந்திருக்கும். அந்த மறதியைத் தீர்ப்பதற்கு வேண்டிய பொருள், சுண்டுவிரல் நகத்திலும் சிறியதான ஒரு ஞாபக ஐ.சி.

ஐ.சி. என்று கடைக்காரரும் திருத்துபவரும் சொல்லுவதையே நானும் சொல்லுகிறேன். புத்தகங்களில் இதனைச் சில்லு என்று எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்திலே சில்லு என்றால் வண்டிச் சில்லையே நினைப்பார்கள். ஞாபகச் சில்லு வேண்டும் என்று கடையிற் போய்க் கேட்டால் சைக்கிள் கடைக்கு வழிகாட்டுவார்கள்.

வானொலிப் பெட்டிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் திருத்தி வயிறு வளர்த்தவன் நான். சில ஆண்டுகளாக என் மேசைக்கு வருபவற்றுட் பாதிக்குமேல் காவற் கமராக்களின் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டிகளே. டி.வி.ஆர். என்று மூன்றெழுத்திற் சொன்னால் இன்று சிறு பிள்ளைக்கும் விளங்கும். பலசரக்குக் கடையிலும், கோயில் மடைப்பள்ளியிலும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனித்து வாழும் பெற்றோரின் விறாந்தையிலும் அது இடம்பிடித்துக்கொண்டது. 2022ஆம் ஆண்டில் நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றி, சில நாட்களில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததே, அக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்ததனால் இவற்றுட் பல ஞாபகம் இழந்தன. புதியது வாங்குவதோ எட்டாத விலையாயிற்று. ஆதலால் பழைய பெட்டிகளைக் கைமாற்றி வாங்கித் திருத்துவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

எட்டுக் காலுடைய ஞாபகம்

பதிவுப் பெட்டிக்குள் மூன்று விதமான ஞாபகங்கள் உள்ளன. முதலாவது, படங்களைச் சேமிக்கும் வன்தட்டு. அது குதிர் போன்றது. இரண்டாவது, வேலை செய்யும்போது மட்டும் வைத்திருந்து மின்சாரம் நின்றவுடன் மறந்துவிடும் தற்காலிக ஞாபகம். அது அடுப்படியில் நிற்பவர் கையிலெடுத்த மாவைப் போன்றது. மூன்றாவதே நாம் பேசவந்த ஞாபகம். மின்சாரம் இல்லாதபோதும் அழியாமல், "விழித்தவுடன் முதலில் இதைச் செய், அடுத்து இதைச் செய்" என்னும் கட்டளைகளைத் தாங்கியிருப்பது. இது பிறவியிலே பெற்ற அறிவு போன்றது. இது போனால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

இவ்வகை ஞாபகத்தைக் கண்டவர் யப்பானிய அறிஞர் புஜியோ மசுவோகா. தோஷிபா கம்பனியில் வேலை செய்த அவர் 1984ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிவித்தார். ஒரே நொடியிற் பெரும்பகுதியை அழிக்க வல்லதாயிருந்தமையால், கமராவின் ஒளிவீச்சை நினைவூட்டுகிறதென்று உடன் வேலை செய்த ஒருவர் "பிளாஷ்" என்ற பெயரைச் சொன்னாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று நமது பெட்டிகளில் இருப்பவை தைவானிலும் சீனாவிலுமுள்ள கம்பனிகளின் ஐ.சி.க்கள். பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள். முதுகிலே 25 என்று தொடங்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கே வேலை ஓடும்.

உதாரணமாக, இலக்கத்தின் இறுதியில் 128 என்றிருந்தால் அதன் கொள்ளளவு 128 மெகாபிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால், அஃது உண்மையில் 16 மெகாபைட்டே. 64 என்றிருந்தால் 8 மெகாபைட். இலக்கத்தை அடுத்து வரும் எழுத்துகளையும் கவனித்தல் வேண்டும். ஒரு வகை 3.3 வோல்ற்றில் இயங்கும். இன்னொரு வகை 1.8 வோல்ற்றில் இயங்கும். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தாழ்ந்த அழுத்தத்துக்குரியதை உயர்ந்த அழுத்தத்திற் பூட்டினால், முன்னிருந்ததைவிடச் சுத்தமான பிணம் ஒன்று கிடைக்கும்.

செய்தவர்கள் இவற்றுக்கு ஓர் இலட்சம் தடவை அழித்தெழுதும் ஆயுளையும், எழுதியதை 20 ஆண்டு வைத்திருக்கும் வலிமையையும் சொல்லுகிறார்கள். அப்படியாயின் ஐந்தாறு ஆண்டிற் கெடுவானேன் என்று கேட்கலாம். பெட்டியின் வெப்பம் ஒரு காரணம். மலிவான மின்வழங்கி மூப்படைந்து அழுத்தம் தளம்புவது இன்னொரு காரணம். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் துண்டிக்கப்படுவது எல்லாவற்றிலும் பொல்லாதது. பாதி வாக்கியத்தில் எழுத்தாணி பறிக்கப்பட்ட ஏடு எதற்கு உதவும்?

ஒழுங்கை முடக்கிலிருந்து வந்த பெட்டி

எங்கள் ஒழுங்கை முடக்கிலே சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கும் அம்மையாரை நாங்கள் எல்லோரும் கடையக்கா என்றே அழைப்போம். சென்ற ஆண்டு அவருடைய கணவர் காலமானார். எட்டுச் செலவு முடிந்த மறுநாளிரவு பெரும் மின்னல் ஒன்று ஒழுங்கைக்குள் இறங்கியது. கமராக் கம்பி வழியாக ஏறிய மின்சாரம் பதிவுப் பெட்டியைக் கருக்கிவிட்டது. அதை ஒரு சேலைத்துணியிற் சுற்றிக்கொண்டு அக்கா என்னிடம் வந்தார். பலகையின் நடுவே பெரிய ஐ.சி. வெடித்திருந்தது. ஞாபக ஐ.சி.யும் கருகிவிட்டது. நான் உள்ளதைச் சொல்லி, புதியதொன்று வாங்குவதே உத்தமம் என்றேன்.

"தம்பி, புதுசு வாங்குறதுக்கு எனக்கு வழி தெரியும். இதுக்குள்ளை அவர் இருக்கிறார்," என்றார் அக்கா.

அவர் சொன்னதிற் பொய்யில்லை. வன்தட்டு மின்னலுக்குத் தப்பியிருந்தது. அதிலே கடைவாசலின் படங்கள் இருந்தன. ஆனால் இப்பெட்டிகள் பல, தமக்கே உரிய முறையிற் படங்களை அடுக்கி வைப்பவை. வன்தட்டைக் கழற்றிக் கணினியிற் பூட்டினால், "இஃது வெறுமையான தட்டு, துடைத்துப் புதிதாக்கவா?" என்றுதான் கணினி கேட்கும். அதே இனத்துப் பெட்டி ஒன்று இருந்தாலொழியப் படத்தைக் காணுதல் அரிது.

இவ்விடத்திலே இன்னொரு கணக்கையும் சொல்லவேண்டும். நான்கு கமராக்கள், ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓயாது பதிந்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 86 கிகாபைட் சேரும். ஒரு டெராபைட் வன்தட்டு 11 நாளில் நிறைந்துவிடும். நிறைந்ததும் பெட்டி நிற்பதில்லை. மிகப் பழைய நாளை அழித்து, அந்த இடத்திற் புதிய நாளை எழுதும். அக்காவின் பெட்டி ஆளசைவு உண்டானபோது மட்டும் பதியும்படி வைக்கப்பட்டிருந்ததால் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். மின்னல் விழாதிருந்தால், அந்தியேட்டி முடிந்த சில நாளில் அவர் கணவரின் கடைசி உருவமும் அழிந்திருக்கும். பெட்டி இறந்தமையால் அவர் படம் பிழைத்தது. நாம் பெட்டியை உயிர்ப்பித்து வழக்கம்போல ஓடவிட்டால், அதே கணத்திலிருந்து பழைய நாட்களை அது தின்னத் தொடங்கும். திருத்துவதும் ஆபத்து, திருத்தாமல் விடுவதும் இழப்பு.

குறுக்குத் தெருவில்

அதே இனத்துப் பழைய பெட்டி ஒன்று, பழுதானது என்ற பெயரோடு, இரண்டு கிழமைத் தேடலின் பின் கிடைத்தது. பலகையில் அச்சிட்டிருந்த இலக்கம் அக்காவின் பெட்டியோடு எழுத்துப் பிசகாமல் ஒத்திருந்தது. வெளிப்பெயர் ஒன்றாயிருந்தும் உட்பலகை வேறாயிருப்பது இவ்வியாபாரத்திற் சாதாரணம். ஆதலால் பெட்டியின் பெயரை நம்பாமற் பலகை இலக்கத்தையே நம்பவேண்டும்.

மின்சாரம் கொடுத்தேன். விளக்கு எரிந்தது, திரை இருண்டே கிடந்தது. இப்பலகைகளிலே மூன்று சிறு துளைகள் உண்டு. அவற்றிற் கம்பி பூட்டிக் கணினியோடு இணைத்தால், பெட்டி விழிக்கும்போது தனக்குள்ளே முணுமுணுக்கும் வரிகளைப் படிக்கலாம். இந்தப் பெட்டி ஒரு சொல்லும் முணுமுணுக்கவில்லை. தற்காலிக ஞாபகம் கெட்டிருந்தால் இரண்டொரு வரியாவது வந்து நின்றிருக்கும். முற்றிலும் மௌனம் என்றபடியால் எட்டுக்காலான் மீதே எனக்குச் சந்தேகம். அதைக் கழற்றி இருமுறை படித்தேன். இரண்டு பிரதிகளும் ஒன்றோடொன்று ஒவ்வவில்லை. ஒரே ஐ.சி. இருவிதமாகச் சாட்சி சொன்னால் அந்தச் சாட்சியை நம்பமுடியாது. மாற்று ஐ.சி. வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்தில் நான் அறிந்த கடைகளில் இல்லை. கொழும்புக்குப் போகும் வேறொரு அலுவலோடு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் ஏறி இறங்கினேன். அங்கே ஒரு முதலாளி, இலக்கத்தைக் கேட்டவுடனே ஒரு பொலித்தீன் பையிலிருந்து எடுத்துத் தந்தார். விலை சில நூறு ரூபாய். முதுகிலே 128 என்று வெள்ளை எழுத்துப் பளிச்சென்றிருந்தது. அந்தப் பளிச்சே எனக்குப் பிடிக்கவில்லை. கையோடு கொண்டுபோன படிக்குங் கருவியில் வைத்துப் பார்த்தேன்.

ஒவ்வொரு ஐ.சி.யும், நீ யார் என்று கேட்டால், மூன்று குறியீடுகளாற் பதில் சொல்லும். முதலாவது செய்தவரைக் குறிப்பது. இறுதியானது கொள்ளளவைக் குறிப்பது. 128 மெகாபிட்டாயின் 18 என்று சொல்லவேண்டும். இது 17 என்றது. அஃதாவது, 64 மெகாபிட் ஐ.சி.யின் முதுகைச் சுரண்டி, அளவிற் பெரிய இலக்கத்தை அச்சிட்டிருக்கிறார்கள். இதனை அறியாமல் எழுதினால், முதற்பாதி நன்றாக ஏறும். பிற்பாதி இடமில்லாமற் சுற்றிவந்து முதற்பாதியின் மேலேயே எழுதிவிடும். கடைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. அவரும் நம்பி வாங்கியவரே; கையிலிருந்த மற்றவற்றையும் என்னைக்கொண்டே சோதிப்பித்து, பொய்யானவற்றைத் தனியே போட்டார். தென் சீனாவிலே ஷென்சென் நகரத்து ஹுவாசியாங்பெய் சந்தையில், பழைய பலகைகளிலிருந்து கழற்றிய ஐ.சி.க்கள் குவியல் குவியலாக விற்கப்படுகின்றன. அவற்றுள் நல்லனவும் உண்டு, வேடமிட்டனவும் உண்டு.

கடையிற் கிடையாதது குப்பையிற் கிடைத்தது. கணினியின் தாய்ப்பலகையிலும் விழிப்புக் கட்டளைகளைத் தாங்குவது இதே 25 வகை எட்டுக்காலான்தான். பழைய இரும்பு வாங்கும் ஒருவரிடம் இறந்துபோன தாய்ப்பலகைகள் ஐந்தாறு கிடந்தன. சிலவற்றில் ஐ.சி. நீண்ட கால்களோடு குழியிற் செருகியிருந்தது. அது நமது பலகைக்குப் பொருந்தாது. இரண்டில் தட்டையாக ஈயத்தாற் பற்றவைத்திருந்தது. ஒன்று 8 மெகாபைட். மற்றது 16. அழுத்தம் 3.3 வோல்ற். குறியீட்டைக் கேட்டேன்; 18 என்று உண்மை சொன்னது. முழுவதையும் அழித்து, எழுதி, மீண்டும் படித்து ஒப்பிட்டேன். பிசகில்லை.

மருந்துக் கடையார் செய்த உபகாரம்

ஏடு கிடைத்துவிட்டது, ஏட்டில் எழுதவேண்டிய பாடம் எங்கே? பெட்டியைச் செய்தவர்கள் புதுப்பித்தற்கென்று வெளியிடும் கோப்பில் விழிப்புக்குரிய முதற்பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. உயிரோடிருக்கும் அதே பலகையிலிருந்து முழுப் பிரதி எடுத்தாற்றான் முடியும். விசாரித்துக்கொண்டே போனதில், அடுத்த ஊரிலே ஒரு மருந்துக் கடையில் அதே பெட்டி ஓடிக்கொண்டிருப்பது தெரியவந்தது.

நன்றாக ஓடும் தமது பெட்டியைப் பிறத்தியாருக்காகத் திறக்க யார் உடன்படுவார்? மருந்துக் கடை ஐயா முதலில், "வேண்டாம், பழுதானால் யார் பொறுப்பு?" என்றார். அது நியாயமான கேள்வி. பழுதானால் என் செலவிற் புதியது வாங்கித் தருவேன் என்றேன். பிறகு எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் சொன்னேன். சற்றுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, "இரவு கடை பூட்டினாப் பிறகு வாரும்," என்றார்.

இரவு ஒன்பது மணிக்குப் போனேன். பெட்டியின் மின்னிணைப்பை நீக்கி, எட்டுக் கால்களையும் ஒருங்கே கவ்வும் கவ்வியை மாட்டினேன். அதற்கு முன்பு என் கருவி கொடுக்கும் அழுத்தத்தை அளந்துகொண்டேன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில கருவிகள் 3.3 வோல்ற் என்று சொல்லிக்கொண்டு கால்களில் 5 வோல்ற்றைச் செலுத்துவன. மூன்று முறை படித்து, மூன்றையும் ஒப்பிட்டேன். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஊரூராய் ஏடு தேடி, பிரதியோடு பிரதி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறோம். அவர் அருமை எங்கே, இந்தச் சிறு வேலை எங்கே. ஆயினும் ஒரே பிரதியை நம்பாதே என்ற பாடம் இரண்டுக்கும் பொது. பெட்டியை மூடி மின்சாரம் கொடுத்தபோது, அது முன்போலவே விழித்தது. ஐயா தேநீர் வரவழைத்தார்.

எடுத்த பிரதியில் அந்த மருந்துக் கடையின் கடவுச்சொல்லும், இணையத்தில் அந்தப் பெட்டியை இனங்காட்டும் விலாசமும் கூடவே இருந்தன. அவற்றை நீக்கி, அக்காவுக்காக வாங்கிய பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த விலாசத்தையே அதிற் பதித்தேன். மூலப்பிரதியை ஐயாவின் கண்முன்னே அழித்துக் காட்டினேன். பிறர் வீட்டுத் திறப்பை வைத்திருப்பவன் இரவிலே நிம்மதியாக நித்திரை கொள்ள முடியாது.

நிற்க. புதிய ஐ.சி.யைப் பற்றவைத்தாயிற்று. கம்பி வழியே பெட்டி முணுமுணுக்கத் தொடங்கியது. வரிக்கு மேல் வரியாக எழுத்துகள் ஓடின. ஆனால் அக்காவின் வன்தட்டை நான் அதிற் பூட்டவில்லை. முதலில் அதனை வேறொரு தட்டில் எழுத்துக்கு எழுத்துப் பிரதியெடுத்து, மூலத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். கமராக்கள் ஒன்றையும் இணைக்காமல், பதியும் வேலையை முற்றாக நிறுத்தி வைத்தபின், பிரதித் தட்டையே பூட்டினேன். பட்டியலில் இருபது நாட்கள் தெரிந்தன.

அக்கா வந்து பக்கத்திலிருந்து பார்த்தார். அதிகாலை ஐந்து மணி. சத்தமில்லாத படம். அவர் கணவர் படலையைத் திறக்கிறார், வாசலைக் கூட்டுகிறார், நாய்க்கு ஏதோ போடுகிறார். பின்பு விளக்குமாற்றை உயர்த்திக்கொண்டு கமராவுக்கு நேரே வந்து, அதன் முன்னே சிலந்தி கட்டியிருந்த வலையைத் துடைக்கிறார். திரை முழுவதும் அவர் முகம். மறுநாளும் அதேபோல். அதற்கடுத்த நாளும்.

"காலமை இதைத்தான் செய்வார் போலை. நான் ஒருநாளும் பாக்கேல்லை. அந்நேரம் நான் குசினிக்குள்ளை நிப்பன்," என்றார் அக்கா. அன்று மாலைவரை அவர் எழுந்து போகவில்லை. வேண்டிய பகுதிகளைச் சிறு சேமிப்புக் குச்சியில் ஏற்றி, சாதாரணக் கணினியிலும் கைப்பேசியிலும் ஓடும்படி மாற்றிக் கொடுத்தேன். கனடாவிலுள்ள மகனுக்கும் அது போயிற்று.

வாசகர்களுக்குச் சில வார்த்தை

இவ்வளவும் எழுதியது என் கெட்டித்தனத்தைச் சொல்வதற்கன்று. பெட்டி பழுதானவுடன் வீசிவிடும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. சில நூறு ரூபாய் பெறும் எட்டுக்காலான் ஒன்றினால் மீளக்கூடியவற்றை நாம் மண்ணிற் புதைக்கிறோம். அவற்றிலுள்ள ஈயமும் பிற நச்சுப் பொருள்களும் மழையோடு கரைந்து, நாம் குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேரக்கூடும். யாழ்ப்பாணத்தார் பெரிதும் நம்பியிருப்பது நிலத்தடி நீரையல்லவா?

பழைய பெட்டியை விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வன்தட்டைக் கழற்றிவிட்டோ, முற்றாகத் துடைத்துவிட்டோ கொடுங்கள். என் மேசைக்கு வரும் பழைய பெட்டிகளில், முன்பின் அறியாத குடும்பங்களின் முற்றமும் விறாந்தையும் அப்படியே இருக்கின்றன. யார் எத்தனை மணிக்கு வெளியே போகிறார், யார் வீட்டில் தனித்திருக்கிறார் என்பதெல்லாம் அதிலுண்டு. நான் பார்ப்பதில்லை, எல்லாரும் அப்படியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. திருத்தக் கொடுப்பவர்களும், பழுது தட்டில் இல்லையென்று தெரிந்தால், தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுக்கலாம்.

அருமையான ஒருவர் காலமானால், அவர் நடமாடிய இடத்திலே கமரா இருந்திருந்தால், துக்கத்தின் நடுவேயும் ஒருவர் இதனை ஞாபகத்தில் வைத்திருக்கவேண்டும்: முதலில் அந்தப் பெட்டியை நிறுத்துங்கள். அல்லது வேண்டிய நாட்களைப் பிரதியெடுங்கள். அது தானாகக் காத்திராது. நாளொன்று கழிய நாளொன்றை அழித்துக்கொண்டேயிருக்கும்.

பெட்டி நன்றாயிருக்கும்போதே, அதைப் பூட்டியவரை ஒருமுறை மூடியைத் திறக்கச் சொல்லி, உட்பலகையின் இலக்கத்தையும் எட்டுக்காலானின் இலக்கத்தையும் கைப்பேசியாற் படமெடுத்து, வாங்கிய பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். என்றோ ஒருநாள் அதைத் திருத்த முயலும் ஒருவனுக்கு இரண்டு கிழமை அலைச்சல் மிச்சமாகும்.